ரெண்டு பல்பும் ஒரு கம்ப்யூட்டரும்

பள்ளிக்கூடத்துக்கு ஒரு புது மெஷின் வந்தால் அதற்கு முதலில் கிடைப்பது மாலை. அடுத்தது பூட்டு.

மாலை போட்டோவுக்காக. பூட்டு ஸ்டாக் ரெஜிஸ்டருக்காக. சாமான் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் ஹெச்.எம். அதனால் சாவியைச் சட்டைப் பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டு, "ஜாக்கிரதையா யூஸ் பண்ணுங்க சார்" என்பார். 'ஜாக்கிரதை' என்றால் எங்கள் இலாகா அகராதியில் 'தொடாதே' என்று அர்த்தம். வருஷக் கடைசியில் ஸ்டாக் பார்க்க வருகிறவர்கள் உறை பிரிக்காத மெஷினைத் தட்டிக்கொடுத்து, 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். தொடாத சாமான் நல்ல நிலையில் இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

நான் சயன்ஸ் வாத்தியார். முப்பது வருஷமாகச் சாக்பீஸ் தூளைச் சுவாசித்து வருகிறேன். 'இந்த மெஷின் வந்துவிட்டது, இனிமேல் வாத்தியார் வேண்டாம்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் என் சர்வீஸில் ஒரு இன்க்ரிமென்ட் கூடியிருக்கிறது.

இதை முதலில் சொன்ன பெரிய மனிதர் எடிசன். 1913ல் ஒரு பேட்டியில், சினிமா வந்தாயிற்று, இனிமேல் பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்கு வேலை இல்லை, பத்தே வருஷத்தில் எல்லாம் தலைகீழாக மாறிவிடும் என்று அடித்துச் சொன்னார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் வகுப்புப் பையன்கள் இன்னும் முதுகு வளையப் புத்தகம் சுமந்துதான் வருகிறார்கள்.

நம் ஊரிலும் பெரிய பெரிய முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1975 ஆகஸ்டு 1ந் தேதி, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஒரு வருஷத்துக்கு இரவல் வாங்கி, 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டி.வி. காட்டினார்கள். 'சைட்' என்று பெயர். பக்கத்து ஆந்திராவும் கர்நாடகமும் லிஸ்டில் உண்டு, தமிழ்நாடு இல்லை. கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையில் குடை மாதிரி ஆன்டெனா கட்டி, காலையில் பிள்ளைகளுக்குப் பாடம், சாயங்காலம் பெரியவர்களுக்கு விவசாயம், சுகாதாரம். நிஜமாகவே சாதனைதான். 1976 ஜூலையோடு இரவல் கெடு முடிந்தது.

அடுத்து, 1984 ஆகஸ்டு 15ல் தூர்தர்ஷனில் யு.ஜி.சி.யின் கல்லூரிப் பாடங்கள் ஆரம்பமாயின. அவை ஒளிபரப்பான மத்தியான நேரத்தில் காலேஜ் பையன்கள் காலேஜில் இருந்தார்கள், அல்லது மேட்னியில் இருந்தார்கள். எங்கள் தெருவில் அதை ஒரு நாள் விடாமல் பார்த்தது என் பாட்டி ஒருத்திதான். இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. "பாவம், யார் பெத்த பிள்ளையோ, தொண்டை வறளப் பேசறான்" என்பாள்.

அதே சமயம் பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்கள் சில பள்ளிக்கூடங்களுக்கு வந்தன. 2004ல் கல்விக்கென்றே எஜுசாட் மேலே போனது. 2011ல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் வந்தது. 2018ல் புதுப் பாடப்புத்தகங்களில் கட்டம் கட்டமாக கியூ.ஆர். கோடு முளைத்தது. 2019ல் கல்வித் தொலைக்காட்சியும் வந்தது. ஒன்றையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், இவற்றில் முக்கால்வாசிக்கு ஒரே குணம் உண்டு. அவை பேசும், நாம் கேட்க வேண்டும்.

ஆபீஸ் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், ஏ.சி. அறையில் விளக்கை அணைத்துவிட்டு, ஒருத்தர் பவர்பாயின்ட்டில் இருப்பதை அப்படியே வாசிப்பாரே, அந்தச் சுகம் உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி ஒரு மீட்டிங் தினம் எட்டு பீரியட், வருஷம் பூரா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஸ்கூல்.

* * *

2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிக்கூடத்துக்கே பூட்டுப் போட்டது. மெஷின்கள் வெளியே, நாங்கள் உள்ளே.

ஆன்லைன் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் போனே கிடையாது. மீதிப் பேர் வீட்டில் ஒரு போன்தான். அதுவும் காலையில் அப்பா பாக்கெட்டில் ஏறி வேலைக்குப் போய்விடும். காலை பத்து மணிக்கு நான் வகுப்பு எடுத்தால் கேட்பது யார்? அப்பாக்கள்தான்.

அதனால் வீடியோவை விட்டுவிட்டேன். தினம் இரண்டு நிமிஷம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவேன். டேட்டா அதிகம் தின்னாது, ராத்திரி போன் வீட்டுக்கு வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் பேச்சு ஒரு கேள்வியில் முடியும். பதிலைப் பையன்கள் பேசி அனுப்ப வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என் போன் 'டிங் டிங்' என்று அலற ஆரம்பிக்கும். பதிலுக்குப் பின்னால் குக்கர் விசில், குழந்தை அழுகை, "லைட்டை அணைச்சிட்டுப் படுடா" என்று அம்மாவின் குரல் எல்லாம் சேர்ந்து வரும். என் மனைவி, "உங்களுக்கு ரிடையர்மென்ட்டே கிடையாதா?" என்றாள்.

ஒரு நாள் அழுத்தம் பற்றிய பாடம். 'வளைந்த டியூபில் தண்ணீர் ஊற்றினால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்பது ஏன்?' என்று கேட்டிருந்தேன். ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒரு பதில் வந்தது. பையன் குரல் இல்லை.

"சார், வணக்கம். பையன் தூங்கிட்டான். நான் அவங்கப்பா, கொத்தனார் வேலை பாக்கறேன். நீங்க கேட்டது நாங்க தினம் பண்றது சார். டியூபுல தண்ணி விட்டுத்தான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மட்டம் பார்ப்போம். ஆனா ஒண்ணு சார், உள்ளே காத்துக் குமிழி நின்னுட்டா மட்டம் பொய் சொல்லிடும். பசங்ககிட்ட அதையும் சொல்லுங்க."

மறுநாள் அந்தப் பதிலை அப்படியே வகுப்புக்கு அனுப்பினேன். பாடப்புத்தகத்தில் குமிழி கிடையாது. முப்பது வருஷத்தில் என் சிலபஸில் சேர்ந்த ஒரே உருப்படியான திருத்தம் அதுதான்.

யோசித்துப் பார்த்தால், அந்தப் போன் அன்றைக்குச் செய்த வேலை பாடம் சொன்னது அல்ல. ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு போய் ஒரு வீட்டுக்குள் வைத்தது.

* * *

2021 செப்டம்பர் 1ந் தேதி ஒன்பதாம் வகுப்பு திறந்தது. கொத்தனார் பையன் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். அந்த வாட்ஸ்அப் நம்பருக்கே போன் போட்டேன்.

"வேலைக்குப் பழகிட்டான் சார். கலவை போடறான், கல்லு எடுத்துக் குடுக்கறான். ரெண்டு வருஷமா வீட்டுல நிலைமை சரியில்ல. அவனும் ஒரு கூலி கொண்டு வர்றான்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வது? கல்வி கண் திறக்கும் என்று எட்டணா பிரசங்கம் பண்ணலாம். அரிசி விலை தெரிந்தவரிடம் அது எடுபடாது. "இந்த வருஷம் கரண்ட் பாடம் வருதுங்க. உங்க வீட்டுல குமிழி கண்டுபிடிக்கிற ஆள் நீங்க. அந்த மாதிரி ஒரு பையன் எனக்கு கிளாஸ்ல வேணும்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் கலவை மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழமை அனுப்பறேன் சார்."

திங்கள் வரவில்லை. புதன்கிழமை வந்தான், கை பூரா சிமென்ட் வெடிப்போடு.

* * *

கரண்ட் பாடத்தில் ஒரு பழைய சிக்கல் உண்டு. பாட்டரியோடு இரண்டு ஒரே மாதிரி பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கிறோம். எது பிரகாசமாக எரியும்?

வகுப்பில் கை தூக்கச் சொன்னேன். முக்கால்வாசிக் கை முதல் பல்புக்கு. "முதல்ல இருக்கிறது கரண்ட்டைக் குடிச்சிடும் சார், மிச்சம்தான் ரெண்டாவதுக்கு." முதல் பந்தியில் உட்கார்ந்தவனுக்குத்தான் பாயசம் என்கிற நியாயம். உலகம் பூராவும் பிள்ளைகள் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள். அது தப்பு என்று போர்டில் எழுதிப் போடலாம். எழுதிக்கொள்வார்கள், மார்க்கும் வாங்குவார்கள், மனசுக்குள் பாயசம் அப்படியே இருக்கும்.

இங்கேதான் கம்ப்யூட்டருக்கு வேலை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002ல் ஆரம்பித்து வைத்த 'ஃபெட்' என்ற பொம்மை ஆய்வகம் இருக்கிறது. காசு கிடையாது. ஒரு தடவை இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொண்டால் இன்டர்நெட்டும் வேண்டாம். பாட்டரி, ஒயர், பல்பு எல்லாவற்றையும் திரையில் இழுத்து மாட்டலாம். கண்ணுக்குத் தெரியாத எலெக்ட்ரான்கள் நீல நிற உருண்டைகளாக ஒயருக்குள் ஊர்ந்து போகும். இதைச் சாக்பீஸால் காட்ட முடியாது. ஹெச்.எம்.மிடமிருந்து சாவி வாங்கி, புரொஜெக்டரை எடுத்து வந்து போட்டேன்.

முதல் பல்புக்கு முன்னால் உருண்டை என்ன வேகமோ, பின்னாலும் அதே வேகம். ஒருத்தனும் குறையவில்லை. இரண்டு பல்பும் ஒரே அளவு பிரகாசம். வகுப்பு அமைதியானது. அப்புறம் ஒருத்தன் எழுந்தான்.

"கம்ப்யூட்டர்ல நீங்க என்ன வேணும்னாலும் காட்டலாம் சார். அதுல மனுஷன் பறக்கறதைக்கூடக் காட்டறாங்க."

சபாஷ் என்றேன். இரண்டு டார்ச் பல்பு, இரண்டு பாட்டரி, கொஞ்சம் ஒயர் எடுத்து மேஜையில் இணைத்தோம். எரிந்தது. முதல் பல்பு கொஞ்சம் பிரகாசமாகவும் இரண்டாவது கொஞ்சம் மங்கலாகவும் எரிந்தது!

வகுப்பே விசில் அடித்தது. "கம்ப்யூட்டர் பொய் சொல்லிடுச்சு டோய்!" அந்த நிமிஷம் கொலராடோ பல்கலைக்கழகத்தின் மானம் என் கையில் இருந்தது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"சார், ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுப் பாருங்க."

கொத்தனார் பையன்.

"ஏண்டா?"

"எங்கப்பா ரசமட்டத்தைத் திருப்பி வெச்சுப் பார்ப்பாரு சார். சுவர் கோணலா, மட்டமே கோணலான்னு அப்பத்தான் தெரியும்."

மாற்றிப் போட்டோம். பிரகாசம் பல்போடு கூடவே போயிற்று. இப்போது இரண்டாவது இடத்தில் இருந்தது பிரகாசமாக எரிந்தது. ஆக, வித்தியாசம் இடத்தில் இல்லை, பல்பில். ஐந்து ரூபாய் பல்பு இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருக்காது. கரண்ட் ஒன்றேதான்.

ஒரு சோதனையில் சந்தேகம் வந்தால் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பதைத்தான் விஞ்ஞானம் என்கிறார்கள். அதை அன்றைக்கு நான் சொல்லித் தரவில்லை. கம்ப்யூட்டரும் சொல்லித் தரவில்லை. ஆனால், அது அப்படிக் காட்டியிருக்காவிட்டால் சண்டையே வந்திருக்காது.

* * *

பெரிய ஆராய்ச்சிகளும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கின்றன. தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று வாரிக் கொடுத்தார்கள். 319 கிராமத்துப் பள்ளிகளில் சோதித்து 2012ல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மார்க் ஏறவில்லை. இன்னொரு பக்கம், டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற சாஃப்ட்வேரைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு ஒரு மையத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நண்பர்களும் ஆராய்ந்து 2019ல் எழுதினார்கள். நாலரை மாசத்தில் கணக்கிலும் ஹிந்தியிலும் நல்ல முன்னேற்றம். என்ன ரகசியம்? அது முதலில் பாடம் நடத்தவில்லை. கேள்வி கேட்டது. ஏழாம் வகுப்புப் பையனுக்கு நாலாம் வகுப்புக் கணக்கே தகராறு என்றால், அங்கே இறங்கிப் போய் ஆரம்பித்தது. பாதி நேரம் மெஷின், பாதி நேரம் சின்னக் கும்பலாக உட்காரவைத்துச் சொல்லித்தர ஒரு மனுஷர்.

நாற்பது பேர் வகுப்பில் எந்தப் பையன் எந்தப் படியில் நிற்கிறான் என்று கண்டுபிடிக்க ஒரு வாத்தியாருக்கு இரண்டு கண் போதாது. அங்கே மெஷின் உதவினால் இரண்டு கையாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன்.

இப்போது ஏ.ஐ. வந்திருக்கிறது. ஹோம் ஒர்க் நோட்டில் ஒன்பதாம் வகுப்புப் பையன், 'எனினும், இதனை நாம் பன்முகப் பார்வையில் அணுக வேண்டும்' என்று எழுதி வருகிறான். "பன்முகம்னா என்னடா?" என்றால் தன் ஒரே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறான். நான் திட்டுவதில்லை. "அதுகிட்ட பதில் வாங்காதே. உன் பதிலை எழுதிக் குடுத்து, இதுல எங்க ஓட்டைன்னு கேளு" என்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

புது மெஷின் வந்தால் நான் பார்க்கிறது ஒன்றுதான். இது வந்த பிறகு பையன் அதிகம் பேசுகிறானா, குறைச்சலாகப் பேசுகிறானா? அதிகம் என்றால் சாவி வாங்கப் போவேன். குறைச்சல் என்றால் ஹெச்.எம். பூட்டியே வைத்திருக்கட்டும்.

கொத்தனார் பையன் பத்தாவது முடித்து பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்தான். அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். முகத்தில் பெருமையும் கொஞ்சம் குறையும் சேர்ந்து இருந்தது.

"வீட்டு பிளான் எல்லாம் கம்ப்யூட்டர்லயே போட்டுடறான் சார். ஒரு கோடு கோணல் கிடையாது. சுவரை மட்டும் இன்னும் நான்தான் கட்டணுமாம்!"