தேதி எழுதும்போது மாதத்தின் பெயரை எழுதுங்க



கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனா உபயம் எடுக்கிறவங்க, அபிஷேகத்துக்கு முன்பதிவு செய்றவங்க, வெளிநாட்டுல பிள்ளைங்க இருக்கிறவங்க தயவுசெய்து கடைசி வரை படிங்க.

கோயில் கவுண்டர்ல தொண்டு செய்யறேன். இப்பல்லாம் நிறைய முன்பதிவு கைப்பேசி செயலி வழியாத்தான் வருது. வரிசையில நிக்க வேண்டியதில்ல, வசதிதான். ஆனா செயலியில தேதி வெறும் எண்ணா மட்டும் வர்றது சில குடும்பங்களுக்கு மனவருத்தத்தைக் கொடுத்திடுது.

07/08 என்று பார்த்தால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் ஆகஸ்ட் 7 என்றுதான் படிப்போம். தமிழ்நாட்டிலும் அப்படித்தான். அமெரிக்காவில் மாதம்தான் முதலில் வரும். அங்கே அதே 07/08, ஜூலை 8. கைப்பேசியில் எந்த நாட்டு அமைப்பு இருக்கிறதோ, அதைப் பார்த்துப் பல செயலிகள் தேதியை மாற்றிக் காட்டும். கோயில் பட்டியலில் இருக்கும் நாள் ஒன்றுதான். திரையில் காட்டும் விதம்தான் வேறு.

25/08 என்றால் குழப்பமே இல்லை, 25-வது மாதம் கிடையாதே! 12-ஆம் தேதி வரைக்கும்தான் சிக்கல். 01/01, 02/02 மாதிரி ஒரே எண்ணாக வரும் 12 நாளைக் கழித்தாலும், வருஷத்துல 132 நாளை இரண்டு விதமாகப் படிக்கலாம். மூணுல ஒரு பங்குக்கும் மேல!

இது வெறும் கணக்கு இல்லைங்க. அமெரிக்காவில் இருக்கிற ஒரு மகள், அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியா முடிஞ்சதுக்காகப் பாலபிஷேகம் பதிவு செஞ்சாங்க. ரசீதைப் படம் எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. அதில் இருந்தது 07/08. அம்மா ஆகஸ்ட் 7 அன்னைக்குக் கிள்ளான்லேர்ந்து பாலும் மாலையுமா வந்து நின்னாங்க. அபிஷேகம் ஜூலை 8-லயே முடிஞ்சுபோச்சு.

“எம்பேரு சொன்னாங்களா தம்பி?”ன்னு கேட்டாங்க.

“பேரு, நட்சத்திரம் எல்லாம் சொல்லித்தான்மா நடந்துச்சு.”

“நான் கண்ணால பார்க்கலையேப்பா...”

குருக்கள் அந்தப் பாலை வாங்கி அபிஷேகம் செஞ்சு, அம்மா பேர்ல அர்ச்சனையும் பண்ணினார். அம்மா கும்பிட்டுட்டுக் கிளம்பினாங்க. மகள் பதிஞ்சதும் சரி, அம்மா படிச்சதும் சரி. ஆனாலும் அந்த நாள் கைநழுவிப்போச்சு.

அதனால சில வேண்டுகோள்கள்:

தேதியை யாருக்கு அனுப்பினாலும் மாதத்தின் பெயரோடு, கிழமையும் சேர்த்து அனுப்புங்க: 7 ஆகஸ்ட் 2026, வெள்ளிக்கிழமை. கிழமை இருந்தால் தப்பு உடனே தெரிஞ்சிடும், ஏன்னா 2026-ல் ஜூலை 8 புதன்கிழமை. மலாய்ல ‘ஓகோஸ்’னு இருந்தாலும் நம்ம பெரியவங்களுக்குப் புரியும்.

நம்ம ஊர் கைப்பேசியிலும் மொழி ‘ஆங்கிலம் (அமெரிக்கா)’ன்னு இருக்கலாம். அமைப்புக்குள்ள போய் மொழி, வட்டாரம் பகுதியில் மலேசியா அல்லது சிங்கப்பூர்னு மாத்திக்குங்க. பிள்ளைங்களைக் கேட்டா ஒரு நிமிஷத்துல செஞ்சு தருவாங்க.

பஞ்சாங்கச் செயலி வச்சிருக்கிறவங்க அதுல ஊர் என்னன்னு பாருங்க. சென்னைன்னு இருந்தா நேரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே இரவு 10.45-க்கு முடியற திதி, இங்கே மறுநாள் அதிகாலை 1.15-க்குத்தான் முடியும். தேதியே மாறிடுது பாருங்க! ஊரை மாத்திட்டு, திதி கொடுக்கிற நாளைக் குருக்கள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு உறுதி பண்ணிக்குங்க.

ஆலயங்களுக்குச் செயலி செய்து தரும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே சேமிக்கும்போது 2026-08-07 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் வையுங்கள். அது அனைத்துலக முறை, பட்டியலும் ஒழுங்காக அடுக்கும். பக்தர் கண்ணில் படும் ரசீதில் மட்டும் மாதத்தை எழுத்தில் காட்டுங்கள். சின்ன வேலைதான், ஆனா அதுவும் ஒரு திருப்பணிதான்.

வீட்டுப் பெரியவங்களுக்கும், வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைங்களுக்கும் இதைப் பகிருங்க.

ஓம் நமசிவாய 🙏