தலையில் ஊற்றிய தண்ணீர்

நேற்று அரியமங்கலம் எஸ்.ஐ.டி. ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண், சொட்டச் சொட்ட நனைந்து, நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி பஸ் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' ஞாபகம் வந்துவிட்டது.

1966-ல் விகடனில் வந்த கதை. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்ட ஒருவன் கெடுத்துவிடுகிறான். அழும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, அவள் சுத்தமாகிவிட்டாள் என்கிறாள் அம்மா. பல வாசகர்கள் கொதித்துப்போனார்கள். அந்த அம்மா ஊரைக் கூட்டியிருந்தால்? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல்.

ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலில் ஹெஸ்டருக்கு நெஞ்சில் சிவப்பெழுத்து. ஜெயகாந்தன் நாவலின் நாயகி, நம் கங்காவுக்கு ஊர்வாய். இரண்டு கதைகளிலும் வரும் ஆண்களின் சட்டையில் யாரும் எதையும் தைக்கவில்லை.

"கங்கா பண்ணது தப்புதான்டி" என்று என் பெரியம்மா கடைசிவரை சொன்னார். என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

பெண் பிள்ளை பெற்றவர்களே, முதலில் அந்தச் சிறுகதையைப் படியுங்கள். நாவல் பிறகு.