மிச்சிகோவின் பக்கம்

தஞ்சாவூர்

அன்புள்ள கதிருக்கு,

உன் கடிதம் வந்தது. ஒசாமு தசாயின் 'நோ லாங்கர் ஹியூமன்' உன்னை இத்தனை தூரம் பிடித்து ஆட்டியதில் எனக்கு ஆச்சரியமில்லை. உன் வயதில் அதைப் படிக்கிற நிறையப் பேருக்கு 'இது என் கதை' என்றுதான் தோன்றும். ஜப்பானில் எழுபது வருடத்துக்கும் மேலாக அப்படித்தான் நடக்கிறது. இப்போது ஜுன்ஜி இட்டோவின் மாங்காவிலும் அனிமேயிலும் ஏறி, அந்த மனிதர் உன் ஹாஸ்டல் அறை வரைக்கும் வந்துவிட்டார்.

புத்தகத்தைப் பற்றி எனக்கு உன்னோடு சண்டை இல்லை. ஆனால் கடைசியில் ஒன்று எழுதியிருந்தாயே, தன்னை அழித்துக்கொள்ளாதவனால் உண்மையாக எழுத முடியாது, அதற்கு தசாயே சாட்சி என்று. இந்தப் பதில் அதற்குத்தான். உன் சாட்சியை நானும் விசாரித்துப் பார்த்தேன்டா. அவர் வாழ்க்கை சொல்வது வேறு.

1909-இல், வட ஜப்பானின் ஆவோமோரி மாகாணத்தில், கானாகி என்ற ஊரில் பிறந்தவர். சொந்தப் பெயர் சுஷிமா ஷூஜி. அப்பா பெரிய நிலச்சுவான்தார், வட்டிக்கும் கொடுப்பவர், அரசியலில் நுழைந்து பிரபுக்கள் சபை வரை போனவர். அந்த வீட்டில் இவர் ஆறாவது மகன். அம்மா நோயாளி; பிள்ளையைத் தூக்கி வளர்த்தது ஒரு சித்தியும் டாகே என்ற வேலைக்காரப் பெண்ணும். இவருக்குப் பதின்மூன்று வயதாகும்போது, 1923-இல் அப்பா போய்ச் சேர்ந்தார். மூத்தவர் பூன்ஜி குடும்பத் தலைவரானார். அந்த அண்ணனிடம் பயம், நன்றி, கோபம் மூன்றும் கலந்து கடைசிவரை இவருக்கு இருந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியத்துக்குச் சேர்ந்தார், பிரெஞ்சு தெரியாது. தடை செய்யப்பட்ட இடதுசாரி இயக்கத்துக்கு வேலை செய்தார். சாப்பிட்டது அண்ணன் மாதாமாதம் அனுப்பிய பணத்தில், அதாவது குத்தகைக்காரர்களின் நெல்லில். இந்தக் குற்ற உணர்ச்சி நிஜமானது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

1930-இல் ஹட்சுயோ என்ற கெய்ஷாப் பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்றார். அண்ணன் சம்மதித்தார், ஆனால் குடும்பப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்ற நிபந்தனையோடு. சில நாட்களுக்குள், அறிமுகமாகிக் கொஞ்ச காலமே ஆன மதுக்கடையில் பரிமாறுகிற வேறொரு பெண்ணோடு கமகுராவில் சாகத் துணிந்தார். இவர் பிழைத்தார். அந்தப் பெண் செத்துப்போனாள். அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை, கதிர். இவர் மேல் வழக்கு வந்தது, வீட்டார் ஆள் அனுப்பிக் கவனித்துக்கொண்டார்கள், அது அப்படியே நின்றது. நீ படித்த நாவலிலும் அவள் வருகிறாள், சில பக்கங்களில் முடிந்துவிடுகிறாள். அவளைப் பெற்றவர்களுக்கு அது சில பக்கங்களாக இருந்திருக்காது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்து யோசி என்று உன்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு வந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1935-இல் குடல்வால் அறுவை, அதற்குக் கொடுத்த வலிமருந்து பழக்கமாகிப் பிடித்துக்கொண்டது. தெரிந்தவர்களிடமெல்லாம் கடன். அதே வருடம் தொடங்கிய அகுதாகவா விருதுக்கு முதல் தடவையே இவர் பெயர் பரிசீலனையில் இருந்து கைநழுவியது. இவருடைய வாழ்க்கை திறமையை மறைக்கிறது என்று நடுவர்களில் ஒருவரான கவபாட்டா எழுதினார். இவர் பத்திரிகையிலேயே அவர் மேல் பாய்ந்தார். ஆனால் அடுத்த வருடம், தேர்வுக் குழுவில் இருந்த சத்தோ ஹருவோவுக்கு, விருதை எனக்கே வாங்கித் தாருங்கள் என்று 4 மீட்டருக்கும் மேல் நீளமான சுருளில் கெஞ்சிக் கடிதம் எழுதினார். அந்தக் காகிதச் சுருளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்த அக்டோபரில் நண்பர்கள் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். வெளியே வந்தபோது ஹட்சுயோவுடனான வாழ்க்கை உடைந்திருந்தது. அவள் 1944-இல் சீனாவின் சிங்தாவில் ஒரு அநாதையைப் போலச் செத்தாள்.

உனக்குத் தெரிந்த தசாய் இதுவரைக்கும்தான். இதற்கு அப்புறம் வந்த தசாயை உனக்கு யாரும் காட்டவில்லை.

1938-இல், மூத்த எழுத்தாளர் இபுசே மசுஜி அவரை ஃபூஜி மலைக்கு எதிரே மிசாகா கணவாயிலிருந்த ஒரு தேநீர் விடுதிக்கு வரச்சொல்லி, பக்கத்தில் கோஃபு நகரத்தில் ஒரு பெண்ணைப் பார்க்க ஏற்பாடு செய்தார். பெயர் இஷிஹாரா மிச்சிகோ, பள்ளிக்கூட ஆசிரியை. இனி ஒரு தடவை இந்தக் கல்யாணத்தை உடைத்தால் என்னை முழுப் பைத்தியம் என்று தள்ளிவிடுங்கள் என்கிற பொருள்பட இபுசேவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தசாய் அவளைக் கைப்பிடித்தார். 1939 ஜனவரியில், இபுசே வீட்டில் கல்யாணம். முதலில் கோஃபுவில், பிறகு டோக்கியோ ஓரத்து மிடாகாவில் சின்ன வாடகை வீடு. 1941-இல் மகள் சோனோகோ, 1944-இல் மகன் மசாகி.

இந்த ஆறேழு வருடத்தில் அவர் எழுதியதைப் பார். 'ஃபூஜி மலையின் நூறு காட்சிகள்', 'பள்ளி மாணவி', 'ஓடு, மெலோஸ்', 'சுகாரு', 'ஒத்தோகிஸோஷி'. நாட்டில் போர், தணிக்கை, கடைசியில் தலைக்கு மேலே குண்டு. எத்தனையோ எழுத்தாளர்கள் வாயடைத்துப் போன காலத்தில் இந்த மனிதர் எழுதித் தள்ளினார். என்ன மந்திரம்? வேளைக்குச் சோறு, கடன்காரன் தட்டாத கதவு, பக்கத்தில் ஒரு ஆள்.

அந்த ஆள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. யூதாஸ் பேசுவதாக அமைந்த ஒரு கதையை அவர் சொல்லச் சொல்ல எழுதியவள் மிச்சிகோதான். கணப்பு மேசையில் கால் நுழைத்து, சின்னக் கிண்ணத்தில் சாக்கே வைத்து உறிஞ்சிக்கொண்டு, முழுக் கதையையும் தடுமாறாமல், ஒரு இடத்தில்கூடத் திருத்திச் சொல்லாமல் சொல்லி முடித்தார் என்று பின்னால் தன் நினைவுக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறாள். குடி அப்போதும் இருந்தது, நான் மறைக்கவில்லை. ஆனால் அது அவரை நடத்தவில்லை.

உன் தாத்தா நன்றாகப் பாடுவார் என்று உனக்குத் தெரியும். 'போட்டுக்கிட்டுப் பாடினா இன்னும் உருகும்' என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர்கள் திருவிழாவில் கேட்டவர்கள். விடியற்காலையில், தெளிந்த தலையோடு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அவர் பாடியதை உன் அம்மாவும் நானும் கேட்டிருக்கிறோம். இரண்டையும் கேட்ட காதுகள் எங்களுடையவை. அதனால்தான் மிச்சிகோ சொன்னால் நான் நம்புகிறேன்.

'சுகாரு' கிடைத்தால் அதன் கடைசி அத்தியாயத்தை முதலில் படி. 1944-இல் சொந்தச் சீமையைப் பற்றி ஒரு பயண நூல் எழுதப் போகிறார். அதற்கு இரண்டு வருடம் முன்பு அம்மா சாகக் கிடந்தபோது, மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்த் தயங்கித் தயங்கி உட்கார்ந்துவிட்டு வந்தவர். இப்போது அவர் தேடிப் போவது டாகேயை. கோதோமாரி என்ற மீன்பிடி கிராமம். வீடு பூட்டிக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவாம். கூட்டத்தில் தேடித் தேடிக் காணாமல் திரும்பி வந்து பார்த்தால், டாகேயின் மகள் வயிற்றுவலிக்கு மருந்து எடுக்க வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவள்தான் கூட்டிப் போகிறாள். டாகே இவரைப் பார்த்து அழவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கிறாள். இவரும் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பார்க்கிறார். மனதில் ஒரு கவலை இல்லை. நம்மைச் சாகத் தூண்டுகிற எழுத்து என்று தசாயை நினைத்திருந்தாயே, அவர் எழுதியதிலேயே உச்சம் எனக்கு இந்த இடம்தான்.

'ஒத்தோகிஸோஷி'யும் அப்படி. விமானத் தாக்குதலுக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் அப்பா தன் ஐந்து வயது மகளுக்குப் படப் புத்தகம் வாசிக்கிறார்; வாசிக்க வாசிக்க மனதுக்குள் அந்தப் பழங்கதைகளை வேறு மாதிரி பின்னுகிறார். வெளியில் நிஜமாகவே குண்டு விழுந்துகொண்டிருந்த 1945-இல் எழுதியது. அத்தனை சிரிப்பு அதில்.

உனக்குப் பிடித்த புத்தகம் கடைசி மாதங்களில் எழுதியதுதானே என்று நீ கேட்பாய். ஆமாம், 1948-இல் எழுதியது. அதில் இருக்கிற காயம் 1930-லிருந்து 36 வரை பட்டது. எழுதிய கை, மிடாகா வீட்டில் தினம் உட்கார்ந்து பழகிய கை. காயம் பட்ட வருடங்களிலேயே அதை இப்படிச் சொல்ல அவரால் ஆகவில்லை. முதல் தொகுதிக் கதைகள் நல்லவைதான், ஆனால் இந்த நிதானம் அவற்றில் கிடையாது.

போர் முடிந்ததும் எல்லாம் கழன்றுகொண்டது. நிலச் சீர்திருத்தத்தில் கானாகி வீட்டின் நிலம் போனது. 1947-இல் அண்ணன் ஆவோமோரி ஆளுநரானார். தம்பி 'தி செட்டிங் சன்' எழுதி நாடறிந்தவரானார். அந்த நாவலுக்கு ஆதாரமான நாட்குறிப்பைக் கொடுத்தவள் ஓட்டா ஷிசுகோ. மார்ச்சில் மிச்சிகோவுக்கு சடோகோ பிறந்தாள். நவம்பரில் ஷிசுகோவுக்கு ஹருகோ பிறந்தாள். தன் பெயரின் ஒரு எழுத்தை அந்தக் குழந்தைக்குக் கொடுத்தார். இதற்கிடையில் தோமியே என்ற சிகை அலங்காரப் பெண்ணின் சிநேகம். இருமினால் ரத்தம். 1948 ஜூனில் அவளோடு போய்ச் சேர்ந்தார். உடல்கள் கிடைத்த ஜூன் 19 அவருடைய பிறந்த நாள், முப்பத்தொன்பது. இன்றைக்கும் அந்த நாளில் மிடாகாவில் அவர் சமாதிக்கு இளைஞர்கள் செர்ரிப் பழம் கொண்டுபோகிறார்கள்.

அந்தச் செர்ரி எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்த வருடம் அவர் எழுதிய ஒரு சின்னக் கதை. அப்பன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு மதுக்கடைக்குப் போகிறான். வீட்டில் மூன்று குழந்தைகள். நான்கு வயதுப் பையனுக்கு இன்னும் நிற்கவும் வரவில்லை, பேசவும் வரவில்லை. கடைசி ஒரு கைக்குழந்தை. கடையில் ஒரு தட்டு செர்ரி வைக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் பிள்ளைகள் எத்தனை மகிழ்வார்கள், காம்பை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டால் பவளமாலை மாதிரி இருக்குமே என்று நினைக்கிறான். நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தின்கிறான், கொட்டையைத் துப்புகிறான். தன்னைப் பற்றி இத்தனை நேர்மையாக எழுதத் தெரிந்த மனிதர் அந்தப் பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். எனக்கு அவர் மேல் வெறுப்பு இல்லை கதிர். இந்த இடத்தில் மட்டும் கோபம் அடங்குவதில்லை.

ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் நிஜம். நிற்க வராத பையன் மசாகி, 1960-இல் பதினைந்து வயதில் இறந்துபோனான். மிச்சிகோ மூன்று பேரையும் தனியாக வளர்த்தாள். முப்பது வருடம் கழித்து, 1978-இல்தான் தன் நினைவுகளைப் புத்தகமாக்கினாள். ஷிசுகோ சமையல் வேலை பார்த்துத் தன் மகளை வளர்த்தாள். ஹருகோவும் எழுத்தாளராகி, தன் அப்பாவையும் அம்மாவையும் பற்றி எழுதினாள். அந்தக் கதையில் வரும் கைக்குழந்தை, ஒரு வயதில் அப்பாவை இழந்த சடோகோ, யூகோ சுஷிமா என்ற பெயரில் அந்தத் தேசத்தின் பெரிய நாவலாசிரியர்களில் ஒருத்தியானாள். பேசத் தெரியாத அந்த அண்ணன் அவள் எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறான். விவாகரத்து, தனியாகப் பிள்ளை வளர்ப்பு, 1985-இல் எட்டு வயது மகனின் சாவு, எல்லாம் பட்டாள். பட்டுக்கொண்டே 2016 வரை, அறுபத்தெட்டு வயது வரை எழுதினாள். துயரத்தில் அப்பனுக்கு எந்த விதத்திலும் குறைந்தவள் இல்லை. நீ சாட்சி கூப்பிடுவதாக இருந்தால் இவளைக் கூப்பிடு.

அவளுடைய 'டெரிட்டரி ஆஃப் லைட்' இந்தக் கடிதத்தோடு கூரியரில் வருகிறது. 1978-லும் 79-லும் ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது. புருஷன் பிரிந்துபோன ஒருத்தி, சின்ன மகளோடு, நாலு பக்கமும் வெளிச்சம் விழுகிற மாடி வீட்டில் ஒரு வருடம் இருக்கிறாள். குடிக்கிறாள், குழந்தை மேல் எரிந்து விழுகிறாள், காலையில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள், பிறகு எழுந்து குழந்தையைக் கொண்டுபோய்ப் பகல் காப்பகத்தில் விடுகிறாள். அதைப் படித்துவிட்டு, அவள் தன் அப்பாவைவிட உண்மை குறைவாக எழுதியிருக்கிறாளா என்று எனக்குச் சொல்.

நீ எழுதிய கதையையும் அனுப்பு. தூங்காமல் எழுதியது என்று பெருமையாகச் சொன்னாய். ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டு மறுபடி படித்துப் பார்த்து, அப்புறம் அனுப்பு. மனது ரொம்பக் கனத்துக் கிடக்கிற ராத்திரியாக இருந்தால் கதையெல்லாம் வேண்டாம், எத்தனை மணியானாலும் எனக்குப் போன் போடு. சித்தப்பா எழுந்துகொள்வாரே என்று யோசிக்காதே. அம்மா கூப்பிட்டால் எடுத்துப் பேசுடா. உன்னை என்ன கேட்பது என்று தெரியாமல் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறாள், பதில் சொல்லு.

அன்புடன்,
சித்தி