திங்கட்கிழமை விசுவாசம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிறிஸ்தவராக இருப்பது சுலபம். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வேதாகமமும் பாட்டுப் புத்தகமும், ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லோருக்கும் ஒரு தோத்திரம். பன்னிரண்டு மணிக்கு வீடு. வீட்டில் பிரியாணி!

கஷ்டமெல்லாம் திங்கட்கிழமைதான் ஆரம்பிக்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் தவறிக் கூடுதலாகக் கொடுத்த ஐந்து ரூபாயைத் திருப்பித் தருவதா? ரெக்கார்ட் நோட்டைக் காப்பியடிக்கக் கேட்கும் நண்பனுக்கு என்ன சொல்வது? போன வருடம் சண்டை போட்ட சித்தப்பாவிடம் இந்த வருடமாவது பேசுவதா? பிரசங்கத்தில் 'விசுவாசத்தில் வளருங்கள்' என்று ஆயர் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் எப்படி வளர்வது? கன்வென்ஷன் கூட்டத்தில் கண்ணீர் விட்டால் வளர்ச்சியா? வேதாகமத்தை ஒரு வருடத்தில் படித்து முடித்தால் வளர்ச்சியா?

திருவண்ணாமலை மாதிரி ஊரில் இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் கூர்மையாகவே குத்தும். இங்கே மலையே சிவன். 2,668 அடி உயரம். பௌர்ணமி தோறும் அதைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்க லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று ஊருக்குள் கால் வைக்க இடமிருக்காது. அந்த ஊரில்தான் சர்ச் மணியும் அடிக்கிறது. டென்மார்க்கிலிருந்து மிஷனரிகள் 19ஆம் நூற்றாண்டில் ஆற்காடு பகுதிக்கு வந்தார்கள். அவர்கள் பணியிலிருந்து வளர்ந்ததுதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. டேனிஷ் மிஷன் பள்ளி என்றால் ஊரில் யாரும் வழி சொல்வார்கள். எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்த பள்ளி.

இங்கே வளரும் ஒரு கிறிஸ்தவப் பிள்ளைக்கு முதல் இறையியல் பிரச்சினை எதுவென்று நினைக்கிறீர்கள்? திரித்துவம் இல்லை. கார்த்திகைக்குப் பக்கத்து வீட்டு அக்கா தட்டில் வைத்துக் கொண்டு வரும் பொரி உருண்டை! வாங்கலாமா, கூடாதா? சாப்பிடலாமா, கூடாதா? வாங்காவிட்டால் அக்கா முகம் வாடிவிடும். சாப்பிட்டால் சர்ச்சில் யாராவது ஏதாவது சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டு முறுக்கையும் கேக்கையும் அந்த அக்கா மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறாரே என்ற உறுத்தல் வேறு.

பொரி உருண்டை அப்படியே இருக்கட்டும். இதே ஊருக்கு இதைவிடப் பெரிய சிக்கலோடு வந்த ஒருவரின் கதையைப் பார்ப்போம்.

அவர் பெயர் ஆன்றி லெ சோ. 1910இல் பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையில் பிறந்தவர். 19 வயதில் பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்து துறவியானார். இந்தியாவுக்கு வர வேண்டும் என்ற ஆசை பல வருடம் மனதில் கிடந்தது. நடுவில் உலகப் போர் வேறு. கடைசியில் 1948இல்தான் வந்து சேர்ந்தார். குளித்தலைப் பக்கம் 1939 முதலே கிராமத்துப் பங்குகளில் பணி செய்துகொண்டிருந்த ஜூல்ஸ் மோன்சானின் என்ற பிரெஞ்சுக் குருவானவரோடு சேர்ந்துகொண்டார்.

1949 ஜனவரியில் இருவரும் திருவண்ணாமலைக்கு வந்தார்கள். ரமண மகரிஷியைப் பார்க்க. லெ சோவுக்குப் பெரிய எதிர்பார்ப்பு. ஆனால் முதல் தரிசனத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஏமாற்றம்தான் மிச்சம். அதோடு காய்ச்சலும் வந்துவிட்டது. ஆசிரமத்தில் தங்கியிருந்த எத்தல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். நீங்கள் மூட்டை முடிச்சு அதிகமாகக் கொண்டு வந்துவிட்டீர்கள், கிடைக்க வேண்டியது நீங்கள் நினைத்த வழியாகத்தான் கிடைக்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறீர்கள், கொஞ்சம் காலியாக உட்காருங்கள் என்கிற மாதிரி.

இந்தப் பேச்சு அவர் மனதில் தங்கிவிட்டது. பின்னால் 'அருணாசல ரகசியம்' என்ற பொருளில் தலைப்பிட்டு எழுதிய நூலிலும் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

கவனித்துப் பார்த்தால், அந்தப் பெண்மணி கிறிஸ்துவை விட்டுவிடச் சொல்லவில்லை. மூட்டையை இறக்கி வைக்கத்தான் சொன்னார். இரண்டும் ஒன்றில்லை. பலருக்கு விசுவாசம் எது, அதைச் சுற்றிக் கட்டிய மூட்டை எது என்று தெரியாது. அப்பா சொன்னது, சபை வழக்கம், பயம், நாங்கள்தான் சரி என்ற கர்வம் எல்லாம் ஒரே துணியில் முடிந்து கிடக்கும். ஹாஸ்டலுக்குப் போன முதல் வருடம் முடிச்சு லேசாக அவிழ்ந்ததும், விசுவாசமே போய்விட்டது என்று சில பேர் அலறுவது இதனால்தான்.

1950 மார்ச் 21 அன்று இருவரும் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்று இன்று பலருக்கும் தெரிந்த இடம். காவி உடுத்தினார்கள். லெ சோவுக்கு அபிஷிக்தானந்தா என்ற பெயர் நிலைத்தது. அதே வருடம் ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தார். ஆனால் மலை அவரை விடவில்லை. 1952 முதல் சில வருடங்கள் திரும்பத் திரும்ப வந்து அருணாசலத்தின் குகைகளில் தங்கினார். வாரக்கணக்கில் மௌனம்.

அந்த நாட்களில் அவருக்குள் நடந்தது சுகமான தியானம் மட்டும் இல்லை. பயங்கரமான போராட்டம். அத்வைத அனுபவம் ஒரு பக்கம், தான் நேர்ந்துகொண்ட கிறிஸ்துவும் திருச்சபையும் மறுபக்கம். இரண்டையும் பொருத்திக்காட்ட அவரிடம் சூத்திரம் இல்லை. அவர் இறந்த பிறகு வெளியான நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும்.

இதெல்லாம் பெரிய துறவிகள் சமாச்சாரம், காலேஜில் அரியர் வைத்திருப்பவனுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அத்தனை குழப்பத்திலும் அவர் சில காரியங்களை விடவில்லை. குகையிலும் திருப்பலி நிறைவேற்றினார். செபங்களைச் சொன்னார். கடிதம் எழுதினார். குடும்பத்துக்கு, துறவியான தங்கைக்கு, நண்பர்களுக்கு என்று அவர் எழுதிய கடிதங்களைக் கொண்டே பின்னாளில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தொகுத்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பதில் கிடைக்காத மனிதர் பழக்கத்தைக் கைவிடவில்லை. தனியாக இருந்த மனிதர் ஆட்களையும் கைவிடவில்லை.

பழக்கம் என்றாலே நம் வயதுக்காரர்களுக்கு இளக்காரம். 'சும்மா பழக்கத்துல சர்ச்சுக்குப் போறாங்கப்பா' என்பார்கள். ஆனால் உணர்ச்சி வற்றிப்போன நாட்களில் ஒருவரைத் தூக்கிச் செல்வது பழக்கம்தான். தினமும் சமைக்கிற அம்மா தினமும் பாசம் பொங்கியா சமைக்கிறார்? ஆனாலும் பிள்ளை வளர்கிறதே.

சபை வாழ்வு என்பதும் அபிஷிக்தானந்தாவுக்கு இனிப்பாக இருக்கவில்லை. சாந்திவனத்தில் வந்து சேர்ந்து நிலைத்தவர்கள் மிகவும் குறைவு. மோன்சானினுக்கும் அவருக்கும் சுபாவம் வேறு, சிந்தனை வேறு. இவர் அத்வைதத்தில் ரொம்ப தூரம் போகிறாரோ என்று மூத்தவருக்குக் கவலை. 1957இல் மோன்சானின் பாரிஸில் காலமானார். அதற்குப் பிறகு அபிஷிக்தானந்தாவைத் தாங்கியவர்களில் முக்கியமானவர்கள் வேறு சபைக்காரர்கள். பரேலி அருகே ஜோதிநிகேதன் என்ற சிறிய ஆசிரமத்தில் வாழ்ந்த ஆங்கிலிக்கன் குருவானவர் மர்ரே ரோஜர்ஸ் அவர்களில் ஒருவர். கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் ஒன்றாக உட்கார்ந்து ஜெபிப்பது அதிசயமாக இருந்த காலம் அது. 1968இல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸ் ஏற்றுக்கொள்ள, இவர் இமயமலைப் பக்கமே தங்கிவிட்டார். 1973 டிசம்பர் 7 அன்று இந்தூரில் இறந்தார். கடைசி வரை அவர் குருவானவர்தான்.

இனி அதே பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே இன்னொரு ஊர். திருவண்ணாமலையிலிருந்து செங்கம் வழியாகப் போனால் திருப்பத்தூர். அங்கே 1921இல் இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் ஏசுதாசன். இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள். கோபுரம் வைத்த, தமிழ்க் கோயில் போலவே இருக்கும் ஒரு ஜெபாலயம் அங்கே எழுந்தது. ஜனங்கள் அவர்களைக் கூப்பிட்ட பெயர்தான் அழகு. ஏசுதாசன் பெரியண்ணன். பேட்டன் சின்னண்ணன்.

அது வெள்ளைக்காரர் ஆண்ட காலம் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்தப் பெயர்களை மறுபடி படியுங்கள். வெள்ளைக்காரர் தம்பி, தமிழர் அண்ணன்!

அவர்களுடைய ஆசிரமத்தில் ஜெபமும் இருந்தது, ஆஸ்பத்திரியும் இருந்தது. காலையில் ஜெபத்தில் சொன்னதை மதியம் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது செய்ய வேண்டியிருந்தது. 1932இல் சென்னையில் அந்நியத் துணி பகிஷ்காரம் நடந்த சமயம், கதரில் தெருவில் நின்ற சின்னண்ணனைப் போலீஸ் தடியால் அடித்தது. விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. அவர் அதற்குப் பிறகும் திருப்பத்தூருக்கே திரும்பி வேலையைப் பார்த்தார்.

குகையில் இருந்தவரும் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களும் ரொம்ப வித்தியாசமானவர்கள். ஆனால் மூவருக்கும் பொதுவாக ஒன்று தெரிகிறது. தாங்கள் எவ்வளவு வளர்ந்தோம் என்று அளந்து பார்த்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்த நாள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். மாற்கு சுவிசேஷம் 4ஆம் அதிகாரத்தில் ஒரு சின்ன உவமை இருக்கிறது. விதைத்தவன் தூங்குகிறான், எழுந்திருக்கிறான், பயிர் எப்படி வளர்கிறது என்று அவனுக்கே தெரியாது. நிலக்கடலை போட்ட விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். வளர்ந்துவிட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தால் செடி செத்துவிடும்.

சாதாரணச் சபைகளிலும் இதுதான் நடக்கிறது. நடப்பவர்களுக்கே தெரியாமல் நடக்கிறது. ஒரு வீட்டில் சாவு என்றால் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கேட்காமலே சமைத்துக் கொண்டு போகிறார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பத்து ரூபாய்ப் பூசணிக்காயை நூறு ரூபாய்க்கு எடுத்து, அதை அப்படியே விதவைப் பாட்டி கையில் கொடுத்துவிட்டுப் போகிற அண்ணன் ஒருவர் எல்லாச் சபையிலும் இருப்பார். ஞாயிறு பள்ளியில் இருபது வருடமாக அதே கதையைச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் இருப்பார்.

அதே சபையில் தேர்தல் வந்தால் அடிதடி வருகிறது. கோர்ட் கேஸ் வருகிறது. சாதி பார்த்துப் பெண் எடுக்கிறார்கள். கல்லறையில்கூடச் சாதி பார்த்து இடம் பிரித்த சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. இதையெல்லாம் மறைத்துவிட்டு சபை வாழ்வு இனிமை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பல வாலிபர்கள் சபையை விட்டுப் போவது கடவுள் இல்லை என்று கண்டுபிடித்ததால் இல்லை. திருவிருந்தில் பக்கத்தில் முழங்கால் போட்டவர், திங்கட்கிழமை தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டதால்தான்.

அதனால்தான் திங்கட்கிழமை முக்கியமாகிறது. ஞாயிற்றுக்கிழமை சொன்னது நிஜமா என்று ஊர் அன்றைக்குத்தான் பார்க்கிறது. வீட்டுப் பிள்ளைகளும் அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள்.

இப்போது அந்தப் பொரி உருண்டைக்கு வருவோம். இதே மாதிரி ஒரு சாப்பாட்டுக் கேள்வியை கொரிந்து சபையார் பவுலிடம் கேட்டார்கள். அவர் வெறும் ஆம், இல்லை என்று முடிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவனுடைய மனசாட்சியையும் பார்த்து நடக்கச் சொன்னார். திருவண்ணாமலைக் கிறிஸ்தவ வீடுகளில் சாப்பிடுகிறவர்களும் இருப்பார்கள், சாப்பிடாதவர்களும் இருப்பார்கள். இரண்டு பேருக்கும் காரணம் உண்டு. ஆனால் தட்டோடு வந்த அக்காவை வாசலிலேயே நிறுத்தி அனுப்புவதற்கு மட்டும் எந்தக் காரணமும் போதாது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, பையனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்கலாம். இன்னும் கிடைக்கவில்லை என்றால், ராத்திரி குடும்ப ஜெபத்தில் அந்தப் பையன் பெயரையும் ஒரு தடவை சொல்லலாம். தட்டைத் திருப்பித் தரும்போது வெறும் தட்டாகத் தராமல் இரண்டு வாழைப்பழம் வைத்துத் தரலாம்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பையனுக்கு இண்டர்வியூ இருந்தால், போய் என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.