சுவரும் சுண்ணாம்பும்

பொங்கல் நெருங்கிற்று. தமிழர் திருநாளை வரவேற்க நமது இல்லத்திலும் வெள்ளையடிக்க முனைந்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையிலிட்டு நீர் ஊற்றினோம். கொதித்தது, குமுறியது, அடங்கியது. சிறிது நீலம் கலந்து, மட்டையும் கையுமாகக் கூடத்துச் சுவரெதிரே வந்து நின்றோம். நின்றதும், நாமும் கொதித்தோம்!

சுவரெங்கும் கோடுகள்! கரிக்கோடு, செங்கல் துண்டால் இழுத்த கோடு, மெழுகு வண்ணக்கோடு. அத்தனையும் ஏழு வயதுப் பெயர்த்தியின் கைவண்ணம். "யார் உன்னைக் கிறுக்கச் சொன்னது?" என்று கையை ஓங்கினோம். அடி விழவில்லை, ஆனால் குழந்தை அஞ்சித் தூணின் பின்னே ஒளிந்துகொண்டது.

பெண் விடுதலை பற்றி மேடையிலே மணிக்கணக்கில் முழங்கியவர் நாம். தன் எண்ணத்தைத் தீட்டிய பெண்குழந்தையின் மீது கை ஓங்கியவரும் நாமே! சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மறைப்பதோ அதனினும் வெட்கக்கேடு.

அருகிருந்த உறவினர் ஒருவர் ஒத்து ஊதினார்: "சுவரில் கரிக்கோடு இழுத்தால் வீட்டுக்குக் கடன் ஏறும். வரைய ஆசையென்றால், பெண்பிள்ளை வாசலில் கோலம் போடட்டுமே!"

கடன் கரியால் ஏறுவதில்லை, தோழர்களே, வட்டியால் ஏறுகிறது! அந்த மடமைக்கு மறுமொழி உடனே கூறிவிட்டோம். ஆனால் இரண்டாவது பேச்சு நெஞ்சில் தைத்தது. விடியலில் குனிந்து போட்டு, பொழுது சாய்வதற்குள் மிதிபட்டு அழிவது கோலம். அதன் எழிலை நாம் பழிக்கவில்லை; பெண்ணின் கைத்திறனுக்கு அதுவே எல்லை என்பதைத்தான் பழிக்கிறோம். காலடியிலே அவளுக்கு இடமுண்டு, கண்ணெதிரே கிடையாதாம்! என்ன நீதி இது?

அப்போது, எண்பதைக் கடந்த நம் அன்னையார் சுவரருகே வந்தார். ஒரு படத்தைத் தொட்டு, "இது யார் கண்ணு?" என்றார். தூணின் பின்னாலிருந்து குரல் வந்தது: "நீங்கதான் பாட்டி. புத்தகம் படிக்கிறீங்க."

அன்னையாருக்குப் படிக்கத் தெரியாது.

1953 இல், இராசாசி ஆட்சியில், சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளி, எஞ்சிய நேரம் பெற்றோர் தொழில் என்று திட்டம் வந்தபோது அவர் சிறுமி. குலக்கல்வித் திட்டமென்று நமது இயக்கம் எதிர்த்துப் போராடியது அதைத்தான். அவருக்கு வாய்த்த தொழில் அடுக்களை. 1954 இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அடுக்களை புகுந்த சிறுமியோ பள்ளிக்குத் திரும்பவில்லை.

ஆயினும் அவர் எழுதினார். எங்கே? அடுக்களைச் சுவரிலே! உழக்குப் பாலுக்கு ஒரு கரிக்கோடு. ஓராண்டு, பொங்கலுக்கு வெள்ளையடித்த தந்தையார் அக்கோடுகளையும் சேர்த்து அழித்துவிட்டார். மாத முடிவில் பால்காரர் கூடுதலாகக் கேட்டார். வெண்சுவர் சாட்சி சொல்லவில்லை. அவர் சொன்னதே கணக்காயிற்று. "நான் எழுதியது எழுத்தில்லையா?" என்று அன்னையார் அன்று கேட்ட கேள்விக்கு, நம் வீட்டு ஆண்கள் எவரும் விடை கூறவில்லை.

1951 இல் இந்தியப் பெண்களில் எழுதப்படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு ஒன்பதின்மர்கூட இல்லை. 2011 இல் தமிழகப் பெண்களில் நூற்றுக்கு எழுபத்துமூவர். இந்த ஏற்றம் தானாக வரவில்லை, போராடிப் பெற்றது. அந்தப் போராட்டத்தின் பிள்ளைகள் நாம், மட்டையேந்தி நிற்பதா ஒரு குழந்தையின் எழுத்தை அழிக்க?

மெழுகின் மீது சுண்ணாம்பு பிடிக்காது, சுரண்டினால்தான் போகும். அந்தப் படத்தைச் சுரண்ட நமக்குக் கை எழவில்லை. பெயர்த்தியை அழைத்தோம், கை ஓங்கியதற்கு வருத்தம் தெரிவித்தோம், எதை அழிக்கலாம், எதை விடலாம் என்று கேட்டோம். அவள் சுட்டிய இடங்களில் மட்டும் வெள்ளையடித்தோம். சுவரின் அடிப்பகுதியில் மூன்றடி உயரத்துக்குக் கரும்பலகைச் சாயம் பூசி, சுண்ணக்கட்டியும் துணியும் தந்தோம்.

சுவர் அழுக்காகவே இருக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை, தோழர்களே! தூய்மை வேண்டும், வெள்ளையடியுங்கள். ஆனால் மட்டையைத் தோய்க்குமுன், வரைந்த கையைக் கேளுங்கள்.

நமது வீட்டுக் கரும்பகுதியின் முன் இப்போது மாலைதோறும் இருவர் அமர்கிறார்கள். ஏழு வயது ஆசிரியை. எண்பது வயது மாணவி. நேற்று அன்னையார் தம் பெயரை எழுதினார்; ஓரெழுத்து கோணிற்று; தாமே அழித்துத் திருத்தினார். எழுதுவதும் அழிப்பதும் இனி அவர்கள் கையில்!