எலும்போடு ஒட்டும் கண்ணாடி

வில்லியனூரில் எங்கள் வீட்டு அடுக்களையில் நீல விளிம்பிட்ட எனாமல் குவளை ஒன்று இருந்தது. ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்து, உள்ளிருந்த இரும்பு கருத்துத் தெரியும். அம்மா அதில்தான் காப்பி அருந்துவார். இரும்பின்மேல் கண்ணாடியை உருக்கிப் படியச் செய்வதே எனாமல் என்று கல்லூரியில் படித்திருந்தேன். அம்மாவின் இடுப்பு முறிந்த பிறகுதான் அதனை எண்ணிப் பார்த்தேன்.

கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் அவருடைய தொடையெலும்பின் கழுத்து முறிந்தது. துருவேறா எஃகாலான பந்துமூட்டின் தண்டை எலும்பின் உட்குழலில் பொருத்தினர். அவ்வாண்டுத் தேரோட்டத்தின்போது கோயில் வீதிவரை நடந்துவந்தார், நாங்கள் மகிழ்ந்தோம். மூன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் தொடையில் வலி. ஊடுகதிர்ப் படத்தில் தண்டைச் சுற்றி மெல்லிய கருங்கோடு தெரிந்தது. "எலும்பு இதனைப் பற்றவில்லை, ஐயா. இடையில் நார்த்திசு வளர்ந்துவிட்டது" என்றார் மருத்துவர். யாருடைய பிழையும் அன்று. உடல், எஃகை அயலானாகக் கருதி வேலி கட்டியிருந்தது.

அவ்வேலி எழாதிருக்கச் செய்யும் பொருளை 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் உருவாக்கினார். அதற்கு ஈராண்டு முன்பு, பேருந்தில் உடன் பயணம் செய்த படை அதிகாரி ஒருவர், உடல் ஏற்றுக்கொள்ளும் பொருளைச் செய்ய இயலாதா என்று அவரிடம் கேட்டாராம். அதிகாரி வியட்நாம் போர்க்களத்திலிருந்து திரும்பியவர். ஹென்ச் செய்த கண்ணாடியில் 45 விழுக்காடு சிலிக்கா; எஞ்சியவை சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் ஆக்சைடுகள். எலிகளின் தொடையெலும்பில் வைத்த அதன் துண்டுகளை ஆறு வாரங்களுக்குப் பின் பெயர்த்தெடுக்க இயலவில்லை. உடல்நீரில் அக்கண்ணாடி சிறிது கரைகிறது. மேற்பரப்பில் சிலிக்காக் கூழ்ப்படலம் உண்டாகிறது. அதன்மேல் கால்சியம் பாஸ்பேட் படிந்து, எலும்பின் கனிமத்தை ஒத்த படிகமாகிறது. புதிய எலும்பு அதனோடு பிணைந்து வளர்கிறது.

ஆனால் கண்ணாடி நொறுங்கும்; நடப்பவரின் பாரத்தைத் தாங்காது. ஆதலால் அதனை உலோகத்தின்மேல் பூச முற்பட்டனர். எங்கள் குவளைக்கு நேர்ந்தது இங்கும் நேர்ந்தது. உருகிப் படிந்த கண்ணாடி ஆறும்போது, டைட்டானியத்தைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சுருங்குகிறது. பூச்சு விரிசல் காண்கிறது. சுருக்கத்தைக் குறைக்கச் சிலிக்காவைக் கூட்டலாம். அது 60 விழுக்காட்டைக் கடந்தாலோ எலும்போடு பிணையும் இயல்பு அற்றுப்போகிறது. சூடேற்றிக் கண்ணாடிக்குள் நுண்படிகங்களை வளர்த்துக் கண்ணாடிப் பீங்கானாக்கினால் உறுதி மிகும், பிணைப்போ தாமதமாகும். இவ்விழுபறிக்கு நடுவே பொருத்தமான கலவையைத் தேடுவதே ஆய்வாளர்களின் பணி. கொல்கத்தாவின் மையக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்திலும் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் எலும்போடு பிணையும் கண்ணாடி, பீங்கான் பொருள்கள் ஆராயப்பட்டு வருகின்றன.

இரண்டாம் அறுவைக்கு அம்மா இசையவில்லை. "இருக்கிற காலத்துக்கு இது போதும், தம்பி" என்று கைத்தடியை எடுத்துக்கொண்டார். குவளை இப்போது என்னிடம் உள்ளது. உதிர்ந்த இடம் சற்றுப் பெரிதாகியிருக்கிறது.