காரைக்கால் டு பனிமலை: நினைத்ததும் கிளம்ப முடியுமா?

காரைக்கால் கடற்கரையில் மாலை நேரம். சுண்டல் பொட்டலத்தோடு மணலில் உட்கார்ந்திருக்கும் இளைஞரின் போனுக்கு ஒரு வீடியோ வருகிறது. பிரான்ஸில் இருக்கும் அண்ணன், ஆல்ப்ஸ் மலைச்சரிவில் பனிச்சறுக்கிக்கொண்டே கை அசைக்கிறார். கூடவே ஒரு மெசேஜ்: "அடுத்த சனி, ஞாயிறும் போறோம். நீயும் வாயேன்டா!"

பிரான்ஸில் சொந்தக்காரர்கள் இருக்கும் காரைக்கால் வீடுகளுக்கு இப்படியோர் அழைப்பு புதிதல்ல. ஆனால், அழைக்கும் அண்ணன் நினைத்ததும் கிளம்பலாம். தம்பியால் முடியாது. இத்தனைக்கும் இருவரின் தாத்தாக்களும் கூடப்பிறந்தவர்கள். வித்தியாசம் பாஸ்போர்ட்டில் இருக்கிறது.

தாத்தா போட்ட கையெழுத்து

1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வசமான காரைக்காலின் நிர்வாகம், 1954 நவம்பர் 1-ல் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது. அன்று முதல் ஆறு மாதம் அவகாசம். 'பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாக நீடித்தார்கள். எழுதிக் கொடுக்காத மற்றவர்கள் இந்தியர்கள் ஆனார்கள்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த 'சொல்தா' குடும்பங்களில் பலர் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் போட்டு, தம்பி போடாமல் விட்டதும் உண்டு. அறுபது வருடம் கழித்து, அந்த ஒரு கையெழுத்துதான் பேரன்களின் வார இறுதியைத் தீர்மானிக்கிறது.

அண்ணன் கையில் இருப்பது சிவப்பு பாஸ்போர்ட். தம்பியின் நீல பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்கு முதலில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வேண்டும். பேங்க் ஸ்டேட்மென்ட், லீவு லெட்டர், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு என்று காகிதங்கள் சேர வேண்டும். கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்ப வராது. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட பிறகு முடிவு வர சாதாரணமாக 15 நாள் வரை ஆகும். அதற்குள் அண்ணன் சொன்ன சனி, ஞாயிறு போயே போய்விடும்.

நீல பாஸ்போர்ட்டுக்கும் ஒரு பனிமலை

அப்படியானால் தம்பிக்குப் பனியே கிடையாதா? உண்டு. கஜகஸ்தான் பக்கம் திரும்ப வேண்டும். 2022 ஜூலை முதல், இந்தியர்கள் அங்கே விசா இல்லாமல் ஒரு தடவைக்கு 14 நாள் வரை தங்கலாம். டெல்லியிலிருந்து அல்மாட்டி நகருக்கு நேரடி விமானம் உண்டு. சுமார் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

அந்த நகரத்தை ஒட்டிய மலையில்தான் ஷிம்புலாக் பனிச்சறுக்குத் தளம் இருக்கிறது. அடிவாரமே 2,260 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம். உச்சி சுமார் 3,200 மீட்டர். தொட்டபெட்டாவைவிட 500 மீட்டருக்கும் மேல் அதிகம். டிசம்பர் முதல் மார்ச் வரை பனியை நம்பிப் போகலாம்.

செலவு எங்கே குறையும்?

* காரைக்காலிலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து ரயிலிலேயே டெல்லி. சென்னை - டெல்லி பயணத்துக்கு ஒன்றரை நாள் ஆனாலும், கடைசி நேர விமானக் கட்டணம் மிச்சம்.

* மலையில் தங்காமல் நகரத்து ஹாஸ்டலில் தங்கலாம். மெடியூ வரை டவுன் பஸ் போகிறது. அங்கிருந்து ஷிம்புலாக்குக்கு ரோப் கார்.

* பனிச்சறுக்குப் பலகை, பூட்ஸ், ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும். ஜனவரி ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழ் இறங்குவது அபூர்வமான ஊரில் கம்பளி கோட்டு வாங்கி வைத்து என்ன செய்வது?

* ஜீன்ஸும் காட்டன் பனியனும் வேண்டாம். நனைந்தால் லேசில் காயாது, குளிர் உடம்பில் ஏறும்.

* இரண்டு செலவுகளில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஒன்று, முதல் நாள் பயிற்சியாளர். விழுவதற்கும் நிற்பதற்கும் அவர்தான் கற்றுத்தருவார். இன்னொன்று, டிராவல் இன்ஷூரன்ஸ். அதில் பனிச்சறுக்கு விபத்தும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது அவசியம்.

திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இட புக்கிங் இரண்டையும் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டால், குடியேற்ற அதிகாரி கேட்கும்போது பதற்றம் இருக்காது. விசா விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் போடும் முன் தூதரக இணையதளத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அம்மையார் போன பாதை

பனிமலை ஆசை காரைக்காலுக்குப் புதுசில்லை. மாங்கனித் திருவிழா எடுத்து இந்த ஊர் கொண்டாடும் காரைக்கால் அம்மையார், கைலாயத்தில் கால் படக் கூடாது என்று தலையாலேயே நடந்து ஏறியதாகச் சொல்கிறது பெரிய புராணம். சிவபெருமானே "அம்மையே" என்று அழைத்து வரவேற்றார். இன்று அதே கைலாயம் சீனாவின் திபெத்தில் இருக்கிறது. போக பாஸ்போர்ட்டும் வேண்டும், விசாவும் வேண்டும்.

அண்ணனுக்கு இப்போது தம்பி ஒரு பதில் அனுப்பலாம்: "ஆல்ப்ஸ் அப்புறம் பார்க்கலாம்ணே. அல்மாட்டிக்கு நீங்க வாங்க. அங்கே உங்க பாஸ்போர்ட்டுக்கும் விசா வேண்டாம், என் பாஸ்போர்ட்டுக்கும் விசா வேண்டாம்!"